யார் எழுதிக் கொடுத்தது?

ஒரு பெண் நன்றாக எழுதிவிட்டால், யார் எழுதிக் கொடுத்தது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அப்பா எழுதினாரா, கணவர் திருத்தினாரா, ஆசிரியர் கைவைத்தாரா என்று துருவுவார்கள். எழுதியவள் வயதில் சிறியவள், தொழிலாளி வீட்டுப் பெண், கல்லூரி வாசலை மிதிக்காதவள் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். ஷீலா டிலேனி என்ற ஆங்கில நாடகாசிரியர் இந்தச் சந்தேகத்தோடுதான் வாழ்நாள் முழுக்க வாழ வேண்டியிருந்தது. அவருடைய முதல் நாடகம் 1958ஆம் ஆண்டு மே 27 அன்று லண்டனில் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 19.

அந்த நாடகத்தின் பெயர் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’. ஒரு துளித் தேனின் ருசி என்று சொல்லலாம். பைபிளின் பழைய ஏற்பாட்டில், யோனத்தான் கோலின் நுனியால் கொஞ்சம் தேனைத் தொட்டுச் சாப்பிட்டதற்காகச் சாகவேண்டிய நிலைக்குப் போவான். அந்தக் கதையை நினைவூட்டும் தலைப்பு இது. கொஞ்சம் இனிப்பு, அதற்குக் கொடுக்கவேண்டிய பெரிய விலை. இந்தக் கணக்கு பெண்களுக்குப் புதிதல்ல.

ஷீலா 1938 நவம்பர் 25 அன்று சால்ஃபர்டில் பிறந்தார். சால்ஃபர்ட் மான்செஸ்டரை ஒட்டிய ஊர். இரண்டுக்கும் நடுவே இர்வெல் ஆறு ஓடுகிறது. பருத்தி ஆலைகள், கப்பல்துறை, வரிசை வரிசையாக ஒட்டிக்கட்டிய சிறிய வீடுகள், புகை. அப்பா பேருந்துப் பரிசோதகர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் 11 வயதில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறியவர்கள் கிராமர் பள்ளிக்கும் அதன்வழி பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். தேறாதவர்கள் செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போய், பிறகு ஆலைக்கோ கடைக்கோ போகவேண்டும். ஷீலா தேறவில்லை. ஆனாலும் பள்ளியில் அவருடைய எழுத்தைக் கவனித்து ஊக்கப்படுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து கிராமர் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கும் நிலைக்காமல் 17 வயதில் படிப்பை விட்டுவிட்டார். கடையில் விற்பனைப் பெண், அலுவலகத்தில் எழுத்தர், திரையரங்கில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலை, ஒரு தொழிற்சாலையின் புகைப்படப் பிரிவில் வேலை என்று மாறி மாறி வேலை பார்த்தார். இடையில் ஒரு நாவலையும் எழுதத் தொடங்கியிருந்தார்.

1958இல் மான்செஸ்டருக்கு டெரன்ஸ் ராட்டிகனின் ‘வேரியேஷன் ஆன் எ தீம்’ என்ற நாடகம் வந்தது. ராட்டிகன் அன்றைய ஆங்கில மேடையின் பெரிய பெயர்களில் ஒருவர். ஷீலா அதைப் பார்த்தார். இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து, பாதியில் நின்ற நாவலை நாடகமாக மாற்றி, இரண்டு வாரம்போல் எடுத்துக்கொண்டு முடித்தார். ஏப்ரலில் அதை ஜோன் லிட்டில்வுட்டுக்கு அனுப்பினார்.

யாருக்கு அனுப்பினார் என்பது முக்கியம். லண்டனின் செல்வந்தர்கள் போகும் வெஸ்ட் எண்டு அரங்குகளில் எதற்கும் அவர் அனுப்பவில்லை. லிட்டில்வுட்டும் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்; இடதுசாரி. கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் பகுதியில், பாழடைந்து கிடந்த தியேட்டர் ராயலில் 1953 முதல் ‘தியேட்டர் வொர்க்‌ஷாப்’ குழுவை நடத்திவந்தார். தனக்குக் காது கொடுக்கக்கூடியவர் யார் என்று தேடி, ஒரு பெண் இயக்குநரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் அந்த 19 வயதுப் பெண். கூடவே வைத்த கடிதத்தில், இரண்டு வாரங்களுக்கு முன்புவரை நாடகம் என்று ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்பதுபோல எழுதினார். உண்மையில் பள்ளிப் பருவத்திலேயே ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைப் பார்த்தவர் அவர். ஒன்றும் தெரியாத ஊர்ப்புறத்துப் பெண் என்ற வேடம் கதவைத் திறக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கதவு திறந்தது. அனுப்பிய ஒன்றரை மாதத்துக்குள் நாடகம் மேடையில் இருந்தது. ஆனால் ஒன்றும் தெரியாத பெண் என்ற அந்த வேடத்தை மற்றவர்கள் பிறகு அவர்மீதிருந்து கழற்றவே விடவில்லை.

நாடகம் சால்ஃபர்டில் நடக்கிறது. பள்ளி முடிக்கப்போகும் ஜோ என்ற பெண், அவளுடைய அம்மா ஹெலன். ஆண்களின் பணத்திலும் குடியிலும் நாளை ஓட்டுபவள் ஹெலன். வாடகை கொடுக்க முடியாமலோ ஆளைத் தவிர்க்கவோ வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். இப்போது வந்திருப்பது கேஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஒழுகல் வீடு. ஒரே கட்டிலில் அம்மாவும் மகளும் படுக்கவேண்டும். ஹெலன் தன்னைவிட இளையவனான பீட்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தனித்துவிடப்பட்ட கிறிஸ்துமஸ் நாட்களில் ஜோ ஒரு கறுப்பின மாலுமியோடு இருக்கிறாள். அவன் அன்பானவன்தான், வுல்வொர்த்ஸ் கடையில் வாங்கிய மலிவான மோதிரமும் தருகிறான். கப்பல் கிளம்புகிறது, அவன் திரும்புவதில்லை. ஜோ கர்ப்பமாகிறாள். பகலில் செருப்புக் கடையிலும் இரவில் மதுக்கடையிலும் வேலைபார்த்து வாடகை கட்டுகிறாள். ஓவியம் படிக்கும் ஜெஃப் என்ற இளைஞன் தன்பாலீர்ப்பாளன் என்பதால் வீட்டுக்காரியால் விரட்டப்பட்டு அவளிடம் வந்து சேர்கிறான். அவன் சமைக்கிறான், வீட்டைக் கூட்டுகிறான், வரப்போகும் குழந்தைக்குத் துணி தயார்செய்கிறான். கடைசியில் பீட்டரால் துரத்தப்பட்ட ஹெலன் திரும்பிவருகிறாள். ஜெஃப்பை வெளியே அனுப்புகிறாள். பிறக்கப்போகும் குழந்தை கறுப்பாக இருக்கும் என்று தெரிந்ததும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறாள். ஜெஃப் போய்விட்டதுகூடத் தெரியாமல், அவன் சொல்லிக்கொடுத்த குழந்தைப் பாட்டை முணுமுணுத்தபடி ஜோ தனியாக நிற்க, திரை விழுகிறது.

இன்று இதைக் கேட்பவர்களுக்கு இதில் என்ன பெரிய துணிச்சல் என்று தோன்றலாம். 1958ஐ நினைத்துப்பாருங்கள். அன்று பிரிட்டனில் எந்த நாடகமும் மேடையேறுமுன் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் அனுமதி வாங்கவேண்டும். அந்தத் தணிக்கை 1968இல்தான் ஒழிந்தது. தன்பாலீர்ப்பு பற்றி மேடையில் பேசவே கூடாது என்றிருந்த தடை 1958 நவம்பரில்தான் தளர்ந்தது. ஜெஃப் அதற்கு ஆறு மாதம் முன்பே மேடையில் நின்றுவிட்டான். ஆண்களுக்கிடையிலான உறவு 1967வரை சட்டப்படி குற்றம். நாடகம் அரங்கேறி மூன்றே மாதத்தில் லண்டனின் நாட்டிங் ஹில்லில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்மீது வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. வெள்ளைப் பெண்ணும் கறுப்பின ஆணும் தெருவில் சேர்ந்து நடப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது.

எல்லாவற்றையும்விட, மணமாகாத தாய். போருக்குப் பிந்தைய பிரிட்டன் பெண்களை மறுபடி வீட்டுக்குள் அனுப்பப் பாடுபட்டது. 1942இன் பெவரிட்ஜ் அறிக்கை கட்டியெழுப்பிய சமூகக் காப்புறுதி, மணமான பெண்ணைக் கணவனைச் சார்ந்தவளாகவே கணக்கில் வைத்தது. தாய் எப்போதும் குழந்தையின் அருகிலேயே இருக்கவேண்டும் என்ற ஜான் பௌல்பியின் கருத்துகள் மலிவு விலைப் புத்தகமாக வீடு வீடாகப் போயின. திருமணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களைத் தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்திய இல்லங்களில் ஒளித்துவைத்து, பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுக்கவைத்தார்கள். 1949 முதல் 1976வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 1,85,000 என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனித உரிமைகள் குழு 2022இல் சொன்னது. அந்தத் தாய்மார்களில் பலர் அழுதுகொண்டே கையெழுத்திட்டவர்கள்.

இந்தப் பின்னணியில்தான் ஜோ மேடைக்கு வருகிறாள். அவள் இல்லத்துக்குப் போகவில்லை. வெட்கப்பட்டு அழவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே சமயம் தாய்மையின் மகிமையில் உருகவும் இல்லை. ஜெஃப் பழகிப்பார்ப்பதற்காக ஒரு பொம்மையைக் கொண்டுவந்து தரும்போது, அதன் நிறம் சரியில்லை என்று வெடித்து, தான் தாயாகவே விரும்பவில்லை, பெண்ணாக இருக்கவே விரும்பவில்லை என்று கத்துகிறாள். சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறாள். பயமும் ஆசையும் எரிச்சலும் கேலியும் ஒரே பெண்ணுக்குள் ஒரே மாலையில் வந்துபோகின்றன. தீர்ப்புச் சொல்ல நாடகத்தில் எவரும் இல்லை. பாவத்துக்குத் தண்டனையாக அவள் சாவதும் இல்லை. ‘தவறிய பெண்’ கடைசிக் காட்சியில் செத்தே ஆகவேண்டும் என்றிருந்த மேடை மரபை அந்த 19 வயதுப் பெண் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்தார்.

ஹெலனும் அப்படித்தான். அவள் நல்ல அம்மா அல்ல. அதை அவளே சொல்லிக்கொள்கிறாள். ஆனால் ஷீலா அவளை அரக்கியாக்கவில்லை. சிரிக்க வைக்கும் வசனங்களில் பெரும்பகுதி அவளுக்குத்தான். தன் உடலைத் தவிர முதலீடு எதுவும் இல்லாத, நாற்பதை எட்டிய பெண்ணுக்கு அந்த ஊரில் என்ன வழி இருந்தது என்ற கேள்வி அவளுடைய கிண்டலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் வார்த்தையால் குத்துவதும், பிறகு சேர்ந்து சிரிப்பதும்தான் நாடகத்தின் உயிர். அம்மாவைத் தெய்வமாக்காமலும் சபிக்காமலும் எழுதுவது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்த பெண்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு உதவும். இரண்டு ஆண்டுகள் முன்பு, 1956 மே 8 அன்று, ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ ராயல் கோர்ட் அரங்கில் வந்தது. ‘கோபக்கார இளைஞர்கள்’ என்ற அடைமொழி பிறந்தது. நவீன ஆங்கில நாடகம் அங்கிருந்து தொடங்குகிறது என்று பாடப் புத்தகங்கள் எழுதுகின்றன. அதில் ஜிம்மி போர்ட்டர் உலகத்தின்மீது கோபப்பட்டுப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். அவன் பேசும்போது அவன் மனைவி அலிசன் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவனுடைய கோபத்தில் பெரும்பகுதி அவள்மீதுதான் கொட்டப்படுகிறது. தொழிலாளர் வீடுகளைக் காட்டிய இவ்வகை நாடகங்களுக்கு ‘கிச்சன் சிங்க்’ நாடகங்கள் என்று பெயர் வைத்தார்கள். சமையலறைத் தொட்டியில் உண்மையில் பாத்திரம் தேய்ப்பவர்களின் பக்கமிருந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? ஷீலாவின் நாடகத்தில் பக்கம் பக்கமான கோபப் பேச்சு கிடையாது. குறுகிய, கூர்மையான, கிண்டலான பேச்சு. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற கவலை. அவரையும் ‘கோபக்கார இளம்பெண்’ என்று பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள். பெண்களுக்கென்று தனிப் பெயர் எதற்கு, இருக்கும் பெயரில் ஒட்டிவிடலாம் என்ற சோம்பல்.

நாடகம் 1959இல் வெஸ்ட் எண்டுக்குப் போனது. 1960இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஏஞ்சலா லான்ஸ்பரி ஹெலனாகவும் ஜோன் பிளௌரைட் ஜோவாகவும் நடித்தார்கள். பிளௌரைட்டுக்கு டோனி விருது கிடைத்தது. 1961இல் டோனி ரிச்சர்ட்சன் இயக்கத்தில் திரைப்படமானது. ரீட்டா டஷிங்ஹம் ஜோவாக நடித்தார். முதல் மேடையேற்றத்தில் ஜெஃப்பாக நடித்த மரே மெல்வின் படத்திலும் அதே வேடத்தில் வந்தார். கான் திரைப்பட விழாவில் நடிகை விருதிலும் நடிகர் விருதிலும் இருவருக்கும் பங்கு கிடைத்தது. ரிச்சர்ட்சனும் ஷீலாவும் சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கு பாஃப்டா விருது கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பத்திரிகைகள் எழுதியது கிட்டத்தட்ட ஆறடி இருந்த அவருடைய உயரத்தை, உடையை, ஊர்ப் பேச்சை. கூடவே அந்த முணுமுணுப்பு: நாடகத்தை உண்மையில் எழுதியவர் லிட்டில்வுட்தானே? லிட்டில்வுட் ஒத்திகையில் எல்லா நாடகங்களையும் கலைத்து அடுக்குபவர். நடிகர்களைச் சொந்தமாகப் பேசவிட்டுப் பார்ப்பார். இந்த நாடகத்துக்கு மேடையிலேயே ஒரு ஜாஸ் குழுவை உட்காரவைத்தார். பாத்திரங்கள் பார்வையாளர்களைப் பார்த்து நேரடியாகப் பேசும்படி அமைத்தார். அதெல்லாம் அவருடைய கொடைதான். ஆனால் ஜான் ரஸ்ஸல் டெய்லர் என்ற விமர்சகர் ஷீலா அனுப்பிய மூலப் பிரதியையும் மேடைப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாற்றங்கள் பேசப்பட்ட அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. பாத்திரங்களும் அவர்களுடைய பேச்சும் ஷீலாவுடையவையே. அதே ஆண்டில் அதே அரங்கில் ஐரிஷ் எழுத்தாளர் பிரெண்டன் பீஹனின் ‘தி ஹாஸ்டேஜ்’ நாடகத்தையும் லிட்டில்வுட் இதேபோல் கலைத்து அடுக்கினார். பீஹனின் மேதைமைக்கு அதனால் பெரிய பங்கம் வந்துவிடவில்லை. குடித்துவிட்டுத் தொலைக்காட்சியில் உளறியதுகூட அவருடைய புகழில்தான் சேர்ந்தது.

ஷீலாவின் இரண்டாவது நாடகம் ‘தி லயன் இன் லவ்’ 1960இல் வந்தது. காதலுக்காகப் பல்லையும் நகத்தையும் இழந்த சிங்கத்தின் ஈசாப் கதையிலிருந்து எடுத்த தலைப்பு. விமர்சகர்கள் கைவிட்டார்கள். ‘பார்த்தீர்களா, முதல் நாடகம் குருட்டு அதிர்ஷ்டம்’ என்ற பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆணுக்கு இரண்டாவது நாடகம் சறுக்கினால் அது சறுக்கல். பெண்ணுக்குச் சறுக்கினால் முதல் நாடகமே செல்லாது. எழுத்தாளர் ஜெனட் வின்டர்சன் பல ஆண்டுகள் கழித்து ஷீலாவைத் தன் ஆதர்சமாகக் குறிப்பிட்டு எழுதினார். அவருக்குத் திறமை இருந்தது, அந்தத் திறமைக்கான ஆதரவைச் சூழல் தரவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

‘ஒரே நாடகத்தோடு நின்றுவிட்டவர்’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நின்றுவிட்டாரா? 1963இல் சிறுகதைகளும் நினைவுகளும் கலந்த ‘ஸ்வீட்லி சிங்ஸ் த டாங்கி’ என்ற நூல் வந்தது. லிண்ட்சே ஆண்டர்சனின் ‘த வைட் பஸ்’, ஆல்பர்ட் ஃபின்னியின் ‘சார்லி பபுள்ஸ்’ என்று திரைக்கதைகள் எழுதினார். இரண்டுமே வடக்கத்தி ஊரிலிருந்து லண்டனுக்குப் போனவர் திரும்பிவந்து சொந்த ஊரைப் பார்க்கும் கதைகள். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதினார். 1985இல் ‘டான்ஸ் வித் எ ஸ்ட்ரேஞ்சர்’ வந்தது. தன்னை அடித்த காதலனைச் சுட்டுக் கொன்றதற்காக 1955 ஜூலை 13 அன்று ஹாலோவே சிறையில் தூக்கிலிடப்பட்ட ரூத் எல்லிஸின் கதை. பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர். ஹெலனைப் போலவே ஆண்களின் பணத்தையும் மனநிலையையும் நம்பி வாழ நேர்ந்த பெண். 19 வயதில் தொட்ட கேள்வியை ஷீலா 46 வயதில் மீண்டும் எடுத்திருக்கிறார். நின்றுபோனவர் செய்கிற காரியமல்ல இது. திரைக்கதை எழுதுபவரின் பெயர் இயக்குநரின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும். அதனால் அவருடைய உழைப்பு எண்ணப்படாமல் போனது.

வாழ்க்கையிலும் அவர் தன் நாடகத்துக்கு உண்மையாக இருந்தார். 1961 செப்டம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்தில் உட்கார்ந்து கைதானார். 1964இல் திருமணம் செய்துகொள்ளாமலே ஒரு மகளைப் பெற்றுத் தானே வளர்த்தார். அது குழந்தைகளைப் பிடுங்கித் தத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலம் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்தில் வரும் பணம் அவருக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. அப்படிச் சம்பாதிக்காத பெண்களுக்கு அந்தத் தேர்வு இல்லை.

அவர் திறந்த கதவு வழியாக எத்தனை பேர் வரமுடிந்தது? பிராட்ஃபர்ட் நகரின் பட்டர்ஷா குடியிருப்பில் வளர்ந்த ஆண்ட்ரியா டன்பார் என்ற பெண் 15 வயதில் பள்ளிப் பாடத்துக்காக எழுதத் தொடங்கிய ‘தி ஆர்பர்’ 1980இல் ராயல் கோர்ட்டில் மேடையேறியது. இளவயதுக் கர்ப்பம், குடிகார அப்பா, இனவெறி என்று அதுவும் சொந்தத் தெருவின் கதை. அவரையும் பத்திரிகைகள் அதிசயப் பிறவியாகக் கொண்டாடின. மூன்றே நாடகங்கள். 1990இல் 29 வயதில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது அவர் அதே குடியிருப்பில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். ஷீலாவுக்கும் ஆண்ட்ரியாவுக்கும் நடுவே 22 ஆண்டுகள். தொழிலாளி வீட்டுப் பெண் எழுதினால் அதிசயம் என்று வியப்பது மாறவே இல்லை. அதிசயத்தை வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கு வீடோ நேரமோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளோ ஏற்பாடு செய்துதரமாட்டார்கள்.

ஷீலா டிலேனி 2011 நவம்பர் 20 அன்று, தன் 73ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, மகள் வீட்டில் இறந்தார். மார்பகப் புற்றுநோய். ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஒருகாலத்தில் முகம் சுளித்தவர்கள் இருந்த சால்ஃபர்ட் இப்போது அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. நாடகம் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 2014இல் லண்டனின் நேஷனல் தியேட்டரில் மீண்டும் மேடையேறியது. 2019இல் வரலாற்றாசிரியர் செலினா டாட் அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதி, அவர் தெரியாத்தனமாக வெற்றிபெற்றவர் அல்லர், தெரிந்தே எழுதியவர் என்று நிறுவினார்.

மாணவிகள் இந்த நாடகத்தை எடுத்தால் முதல் காட்சியை இரண்டு பேராகச் சேர்ந்து உரக்கப் படியுங்கள். ஒருவர் ஹெலன், ஒருவர் ஜோ. சளி பிடித்த அம்மா, பெட்டிகளைத் தூக்கும் மகள், குளிர்ந்த வீடு, நிற்காத வாக்குவாதம். சிரிப்பு வரும், சிரித்த இடத்திலேயே வலிக்கும். இதை யார் எழுதிக் கொடுத்திருக்க முடியும் என்று அப்போது நீங்களே யோசித்துப்பாருங்கள். அந்தக் கட்டிலை, அந்தத் தெருவை, அந்தப் பேச்சை உள்ளிருந்து அறிந்த ஒரு பெண்ணைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.